ஒரு கோட்டை வாசலும் ஒரு கிரைண்டரும்

நாள் 1: எடின்பரோ

பெரியவளுக்கு இன்றோடு பள்ளிக்கூடம் முடிந்தது. ஸ்காட்லாந்தில் ஜூன் கடைசியிலேயே கோடை விடுமுறை விட்டுவிடுவார்கள். ஆகஸ்டில் திறக்கும்போது அவள் பெயர் பதிவேட்டில் இருக்காது. வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் உள்ளங்கையில் சாயம் பூசிப் பதித்த ஒரு பெரிய அட்டையைச் சுருட்டிக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அதை மடிக்கக் கூடாதாம். 30 கிலோ பெட்டிக்குள் சுருட்டிய அட்டையை நசுங்காமல் எப்படி வைப்பது என்று டீச்சரிடம் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

நாங்கள் இங்கே வந்து நாலரை வருடம். அவளுக்கு முதல் பிறந்தநாள் முடிந்த வாரம் விமானம் ஏறினோம். இன்னும் பத்து நாளில் திரும்புகிறோம். நேராகத் திருச்சி இல்லை, முதலில் நாகப்பட்டினத்தில் அம்மா வீடு. நடுவில் இருக்கும் நாட்களில் இத்தனை வருடமாக "அடுத்த லீவுல போலாம்" என்று தள்ளிப்போட்ட இடங்களைப் பார்த்துவிட வேண்டும். அதில் ஒன்று எனக்கு மட்டும் முக்கியம். அது நாலாம் நாள்.

கப்பலில் போகிற அட்டைப்பெட்டிகள் 22. வந்து எடுத்துப் போய்விட்டார்கள். ஒரு பெட்டியை மட்டும் கொடுக்கவில்லை. சின்னவன் பிறப்பதற்கு முன்னால் வீட்டுக்கு வந்த பேபி பாக்ஸ் அது. 2017 ஆகஸ்டிலிருந்து ஸ்காட்லாந்தில் பிறக்கிற எல்லாக் குழந்தைக்கும் அரசாங்கம் இதைக் கொடுக்கிறது. உள்ளே சட்டைகள், தெர்மாமீட்டர், படப் புத்தகங்கள், ஒரு மெத்தை. காலி செய்தால் அந்தப் பெட்டியே குழந்தைக்குத் தொட்டில். அட்டைப்பெட்டியில் பேரனைப் படுக்க வைத்திருப்பதை வீடியோவில் பார்த்துவிட்டு அம்மா இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. "ஒரு தூளி கட்டக்கூடவா அங்க வழியில்ல?" என்றார். மூன்றாம் நாள், "நல்லா தூங்குறானா?" என்று கேட்டார். நன்றாகத்தான் தூங்கினான்.

இப்போது அந்தப் பெட்டிக்குள் கிரைண்டர் பாத்திரம்.

நாள் 2: செயின்ட் ஆண்ட்ரூஸ்

காரை விற்பதற்குள் ஓட்டித் தீர்த்துவிட வேண்டும் என்று கிளம்பினோம். ஃபோர்த் முகத்துவாரத்தைக் கடக்கும்போது மூன்று பாலங்களும் வரிசையாகத் தெரியும். சிவப்பாக இருப்பது 1890ல் திறந்த ரயில் பாலம். இரண்டரை கிலோமீட்டர் நீளம். அதற்குப் பெயின்ட் அடித்து முடிப்பதற்குள் ஆரம்பித்த முனையில் துரு ஏறிவிடும், மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும் என்பது இந்த ஊர் சொலவடை. முடியாத வேலைக்கெல்லாம் அதைத்தான் சொல்வார்கள். பாத்திரம் கழுவும்போது நானும் சொல்லியிருக்கிறேன்.

செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு எல்லோரும் கோல்ஃப் பார்க்கப் போவார்கள். நாங்கள் போனது ஒரு பெயர்ப் பலகைக்காக. சவுத் ஸ்ட்ரீட்டில் இடிந்த சிற்றாலயம் ஒன்று முன்னால் நிற்க, பின்னால் ஒரு பழைய கட்டடம். மதராஸ் காலேஜ். பெயர்தான் காலேஜ், நடந்தது பள்ளிக்கூடம். 2021ல் பள்ளி ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது, பெயர் அதேதான்.

கதை இது. இந்த ஊர்க்காரர் ஆண்ட்ரூ பெல், 1753ல் பிறந்தவர், முடிதிருத்துபவர் மகன். மதராசுக்கு வந்து எழும்பூரில் ராணுவத்தார் நடத்திய அனாதைப் பிள்ளைகள் விடுதிக்குப் பொறுப்பாளர் ஆனார். சொல்லிக்கொடுக்க ஆள் பற்றவில்லை. ஒருநாள் நம்மூர்த் திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அந்த மணலையும், பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தையும் தன் விடுதிக்குக் கொண்டுபோனார். ஊர் திரும்பி 1797ல் அதைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்து முழுக்க 'மதராஸ் முறை' என்று பரவியது. நம்ம சட்டாம்பிள்ளைதான், கப்பலேறிப் போய்ப் பெயர் மாற்றிக்கொண்டார். பெல் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்தது இந்தப் பள்ளி.

இவருக்கு, என் கணவருக்கு, அந்தப் பெயர்ப் பலகை முன்னால் ஒரு போட்டோ போதும். எனக்கு மணல் வேண்டியிருந்தது. வெஸ்ட் சாண்ட்ஸ் கடற்கரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஈர மணல் சிமென்ட் தரை மாதிரி இறுகிக் கிடக்கும். பெரியவளை உட்காரவைத்து விரலைப் பிடித்து 'அ' எழுதவைத்தேன். திருச்சிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப்போகிறோம். அவளுக்குத் தமிழில் ஒரு எழுத்தும் எழுத வராது. சுழி எந்தப் பக்கம் என்று இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை தானே எழுதினாள், கண்ணாடியில் பார்த்தது போலத் திருப்பி. பிறகு காலால் அழித்துவிட்டு ஓடிப்போய்விட்டாள். சட்டாம்பிள்ளை வேலை எனக்கு ஒத்துவராது.

கடற்கரையில் இருக்கும்போதெல்லாம் என் கண் முதலில் மேடு எங்கே என்றுதான் தேடும். 2004 டிசம்பரில் நாகையில் இருந்த எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். இங்கே மணல் குன்றுகள் பக்கத்திலேயே இருந்தன.

நாள் 3: வடக்கே

ஏ9 சாலை. மழை. இந்த ஊர்ச் சொல் ஒன்று உண்டு, 'டிரீஃக்'. ஈரமும் இருட்டும் சலிப்பும் சேர்ந்த ஒரு வானிலைக்கு ஒரே சொல். திருச்சியில் இதற்கு வேலை இருக்காது.

பிட்லாக்ரியில் மதிய உணவுக்கு நிறுத்தினோம். புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல், காருக்குள்ளேயே. அங்கே நீர்மின் அணைக்குப் பக்கத்தில் சால்மன் மீன்கள் ஆற்றில் எதிர்த்து ஏறிப்போவதற்காக 310 மீட்டருக்கு ஒரு படிக்கட்டு கட்டியிருக்கிறார்கள், 34 தொட்டிகள். கடலில் வளர்ந்த மீன் முட்டையிடப் பிறந்த இடத்துக்கே திரும்புகிற வழி. இவர் தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏதோ தத்துவம் சொல்ல வாயைத் திறந்தார். "வேண்டாங்க" என்றேன். மூடிக்கொண்டார். மீன் ஒன்றும் வரவில்லை.

இரவு இன்வர்னெஸ். பத்தரை மணிக்கும் வெளியே படிக்கிற அளவு வெளிச்சம். சின்னவன் இது பகல் என்று உறுதியாக நம்பினான்.

நாள் 4: ஃபைரிஷ் மலை

இங்கே வந்த முதல் குளிர்காலம், நாலு மணிக்கு இருட்டிவிடும் நாட்களில், ஊர் ஞாபகம் வந்து போனில் நாகப்பட்டினத்தைப் பற்றி எதையாவது தேடிப் படிப்பேன். வெள்ளைக்காரன் எழுதிய பழைய ஸ்பெல்லிங்கில் 'நெகபட்டாம்' என்று போட்டுத் தேடியபோது ஸ்காட்லாந்து மலை உச்சி ஒன்றின் படம் வந்தது. தப்பாக வந்துவிட்டது என்று நினைத்தேன். இல்லை. அந்த மலைமேல் நிற்பது நாகப்பட்டினத்துக் கோட்டை வாசலின் நகலாம்.

கட்டவைத்தவர் சர் ஹெக்டர் மன்றோ. நம்ம மவுன்ட் ரோட்டில் சேணம் இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோ வேறு, அவர் கிளாஸ்கோக்காரர். இந்த மன்றோ பக்சார் போரை 1764ல் ஆங்கிலேயருக்கு ஜெயித்துக் கொடுத்தவர். 1780ல் பொள்ளிலூரில் ஹைதர் அலியின் படை ஆங்கிலேயத் தளபதி பெய்லியின் படையை அழித்தபோது, பக்கத்தில் காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டே உதவிக்குப் போய்ச் சேராமல், பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டு மதராசுக்குப் பின்வாங்கியவரும் இவர்தான். அடுத்த ஆண்டு நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். ஊர் திரும்பியதும் தன் நிலத்தில் இருந்த மலைமேல் அந்த வாசலைக் கட்டவைத்தார். குளத்தில் தள்ளிய பீரங்கிக்கு யாரும் நினைவுச்சின்னம் கட்டுவதில்லை.

இன்வர்னெஸிலிருந்து அரை மணி நேர ஓட்டம். எவன்டன் தாண்டி, காட்டுக்குள் சின்னக் கார் நிறுத்தம். பைன் மரங்களுக்கு நடுவே செங்குத்தாக ஏற்றம். சின்னவன் இவர் முதுகில். முதல் அரை மணியிலேயே பெரியவள், "இன்னும் எவ்ளோ?" என்று ஆரம்பித்தாள். கேரமல் வேஃபர் ஒன்றை நாலாக ஒடித்து, திருப்பத்துக்கு ஒரு துண்டு என்று ஒப்பந்தம் போட்டேன். மரங்கள் முடிந்ததும் பொட்டல், ஹெதர் புதர், முழங்கால் வரை தெறிக்கும் கருஞ்சேறு. காற்று தள்ளியது.

வேஃபர் தீர்ந்தபோது கதை சொல்ல வேண்டியதாயிற்று. அப்போது இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வேலை இல்லையாம். சும்மா பணம் கொடுத்தால் வாங்க மாட்டார்கள் என்று மன்றோ இந்த வாசலைக் கட்டும் வேலையைக் கொடுத்தாராம். வேலை சீக்கிரம் முடிந்துவிடுமே என்று, ஆட்கள் கஷ்டப்பட்டு மேலே ஏற்றிய கல்லை அவரே ராத்திரியில் கீழே உருட்டிவிடுவாராம். மறுநாள் அதே கல்லை மறுபடி ஏற்ற வேண்டும். மறுபடி கூலி.

"ரெண்டு தடவை சம்பளமா?"

"ரெண்டு தடவை."

"அந்தத் தாத்தா நல்லவரா?"

இதற்குப் பதில் சொல்ல எனக்கு மூச்சில்லை. ஊர்க்காரர்கள் கதையை அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் ஜனங்களுக்கு ஏன் வேலை இல்லாமல் போனது என்று கேட்டால் கதை கொஞ்சம் மாறும். இந்த மலைப்பகுதிப் பிரபுக்கள் குடியானவர்களை எழுப்பிவிட்டு ஆட்டு மந்தைக்கு நிலத்தைக் கொடுக்க ஆரம்பித்த காலம் அது. 1792ல் இந்த வட்டாரத்து ஜனங்கள் திரண்டு ஆடுகளையெல்லாம் வெளியே ஓட்டிவிடப் பார்த்தார்கள், பட்டாளம் வந்து அடக்கியது. ஐந்தரை வயதுக்கு இது அதிகம். "கல்லு உருட்டுன தாத்தா" என்று அவளே பெயர் வைத்துவிட்டாள். அதோடு விட்டேன்.

உச்சி 450 மீட்டர் சொச்சம்தான். முதலில் வானம் தெரிந்தது, பிறகு வானத்தில் ஓட்டை போட்ட மாதிரி வளைவுகள். நடுவில் வளைவுகள் சேர்ந்த சுவர், இரண்டு பக்கமும் தனித்தனியே தூண்கள். கிட்டே போனால் சாதாரண முரட்டுக் கல். பூச்சு இல்லை, சிற்பம் இல்லை. வாசல் என்று சொன்னால்தான் வாசல். அந்த ஆள் ஞாபகத்திலிருந்து சொல்லி, கடலையே தாண்டாத கொத்தனார்கள் கட்டியது வேறு எப்படி இருக்கும்? வளைவுக்கு அந்தப் பக்கம் குரோமார்ட்டி கழிமுகம், அதில் கால் நீட்டி நிற்கும் எண்ணெய்க் கிணற்று மேடைகள், பின்னால் வட கடல்.

நான் அந்த நடு வளைவு வழியாக உள்ளே போனேன். வெளியே வந்தேன். மறுபடி போனேன். கல்லில் கை வைத்தால் பனி போலச் சில்லிட்டது. ஒரு இடுக்கில் பச்சைப் பாசி, நம்மூர்க் குளத்துப் படிக்கட்டில் இருக்கிற அதே பாசி. நாகையில் வளர்ந்த எனக்குக் கோட்டை என்று காட்ட ஊரில் ஒன்றும் இருக்கவில்லை. டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டம் உண்டு, அவ்வளவுதான்.

சிக்னல் இருந்தது. அப்பாவுக்கு வீடியோ போட்டேன். அங்கே மாலை நாலு மணி, டீ நேரம்.

"அப்பா, இது என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"ஏதோ இடிஞ்ச மண்டபமாட்டம் இருக்கு."

"நம்மூர் கோட்டை வாசல்ப்பா."

கொஞ்ச நேரம் படம் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். நிற்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். போனை மூக்கோடு ஒட்டிப் பார்த்தார். "நம்மூர்ல ஏதும்மா கோட்டை?" என்றார். மன்றோ கதையை நான் கத்திச் சொன்னேன், காற்றில் பாதி போயிருக்கும். முழுக்கக் கேட்டுவிட்டு, "அது சரி. காத்து எப்படி அடிக்குது பாரு. சின்னவனுக்குக் காதை மூடு" என்றார்.

மூடினேன். இறங்கும்போது இவர் சொன்னார், "அவர் ஊர் திரும்பும்போது ஒரு வாசலையே கொண்டுவந்திருக்கார். நாம கிரைண்டரைக் கொண்டுபோறோம்." இந்த முறை சிரித்துவிட்டேன்.

நாள் 5: ஸ்கை தீவுக்கு

நெஸ் ஏரிக்கரை வழியாக. இங்கிலாந்து, வேல்ஸ் ஏரிகளின் தண்ணீரை எல்லாம் சேர்த்தாலும் இந்த ஒரு ஏரிக்கு ஈடாகாதாம், ஆழம் 230 மீட்டர். ஏரிக்கு இங்கே சொல்வதை நான் 'லாக்' என்று பூட்டு மாதிரிச் சொன்னால் பெரியவள் திருத்துவாள். தொண்டையிலிருந்து வர வேண்டும், 'லாஃக்'. ஆய்த எழுத்தை இவ்வளவு சுத்தமாகச் சொல்கிற பிள்ளைக்குத் தமிழ் வராமலா போகும் என்று எனக்கு நானே தேற்றிக்கொள்வேன். ஏரிக்குள் இருப்பதாகச் சொல்லும் பூதம் நெஸ்ஸிக்கு டாட்டா காட்டினோம்.

நாள் 6: ஸ்கை

ஸ்டோர் கிழவன் பாறைக்கு ஏறக் கிளம்பிப் பாதியில் திரும்பினோம். காற்று நின்றது, மிட்ஜ் வந்தது. கொசுவில் கால்வாசிகூட இருக்காது, ஆயிரக்கணக்கில் கண், காது, மூக்கு என்று மொய்க்கும். ஸ்கை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: காற்றடித்தால் திட்டாதீர்கள்.

இந்தத் தீவில் எனக்குப் பிடித்தது சாலை. ஒரு கார் மட்டும் போகும் அகலம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க அங்கங்கே ஒரு பிதுக்கம். யார் ஒதுங்கினாலும் மற்றவர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவார். முழுக் கை இல்லை, ஒரு விரல். இரண்டு நாளில் இவர் அதில் தேர்ந்துவிட்டார். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இதைச் செய்து பார்க்கப் போகிறாராம். நல்லது.

மாலையில் தெற்கே போகும்போது வழியெல்லாம் கூரையில்லாத கல் வீடுகள். 1853ல் போரரேய்க் என்ற கிராமத்தைப் பிரபுவின் ஆட்கள் காலி செய்தார்கள். அப்படிக் காலியான ஊர்கள் ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதி முழுக்க உண்டு. அவர்களில் பலர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள். இவரிடம் ஏதோ சொல்ல நினைத்தேன். ஆனால் நாங்கள் விரும்பி வந்தவர்கள், விரும்பிப் போகிறவர்கள். 22 பெட்டியோடு போகிறவள் அந்த வீடுகளைப் பார்த்து உருகுவது சரியாகப் படவில்லை. ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டேன்.

நாள் 7: திரும்பும் வழி

ஆர்மடேலில் காரோடு படகு ஏறி மல்லேய்க். கிளென்ஃபினனில் 21 வளைவுள்ள காங்கிரீட் பாலத்தின்மேல் புகைவண்டி வளைந்து போவதைப் பார்க்க மலைச்சரிவில் நூறு பேர் நின்றோம். வந்தது, போனது, ஒரு நிமிடம். சின்னவன் தூங்கிவிட்டான். அவனுக்காகத்தான் நின்றோம்.

வழியில் ஒவ்வொரு ஊர் எல்லையிலும் நன்றிப் பலகை. சிலவற்றில் 'ஹேஸ்ட் யீ பேக்' என்றிருக்கும். சீக்கிரம் திரும்பி வா. "போறேன்னு சொல்லாத, போய்ட்டு வரேன்னு சொல்லு" என்று ஆச்சி அதட்டுவார். இந்த ஊர்க்காரர்கள் வழியனுப்பும் பக்கத்திலிருந்து அதையே சொல்கிறார்கள்.

நாள் 8: துடைத்தல்

வாடகை வீட்டைக் காலி செய்ய இங்கே 28 நாள் முன்னால் சொன்னால் போதும். காலி செய்வது வேறு, துடைப்பது வேறு. சமையலறை ஓவனைத் தேய்க்க மட்டும் மூன்று மணி நேரம். நாலரை வருடம் அதில் கேக் செய்ததைவிட மாவு புளிக்க வைத்ததுதான் அதிகம். குளிர்காலத்தில் உள்ளே விளக்கை மட்டும் போட்டு மாவுப் பாத்திரத்தை வைத்தால் காலையில் பொங்கியிருக்கும்.

வீட்டைப் பார்க்க வந்த ஏஜென்சிப் பெண் சமையல் மேடையில் ஒரு மஞ்சள் கறையைக் கண்டுபிடித்தார். உள்ளங்கை அளவு. "இது என்ன?" மஞ்சள்தூள். வெயில் பட்டால் தானே மங்கிவிடும் என்றேன். அது உண்மை, மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே மழை. முன்பணத்தில் பிடிப்போம் என்று எழுதிக்கொண்டார். ஸ்காட்லாந்தில் முன்பணம் வீட்டுக்காரர் கையில் இருக்காது, அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில்தான் இருக்க வேண்டும். பிடிப்பதை ஒத்துக்கொள்ளாவிட்டால் அங்கே முறையிடலாம். ஒரு மஞ்சள் கறைக்காகத் திருச்சியிலிருந்து வழக்காடுவேனா? ஆடுவேன் போலத்தான் இருக்கிறது.

கார் போய்விட்டது. இன்னொன்று, போகிறவர்களுக்கு உதவும்: ஸ்காட்லாந்தில் மூன்று வங்கிகள் தங்கள் பெயரில் நோட்டு அடிக்கின்றன. நம்மூரில் மாற்றப் போனால் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். கிளம்பும் முன் பேங்க் ஆஃப் இங்கிலாந்து நோட்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.

நாள் 9: போய்ட்டு வரோம்

மெடோஸ் புல்வெளியில் தமிழ் நண்பர்கள் எல்லோரும். எலுமிச்சை சாதம், தயிர் சாதம், சுண்டல், யாரோ ஒருவர் வீட்டில் செய்த அதிரசம். வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி. "இன்னும் ஆறு மாசம் இருந்தா அஞ்சு வருஷம் முடிஞ்சு நிரந்தரமா தங்குறதுக்கு பி.ஆர். வந்துடும். அதுக்குள்ள என்ன அவசரம்?" ஒருவருக்கு அம்மாவின் முழங்கால் என்றேன். ஒருவருக்கு இவருடைய வேலை. ஒருவருக்குப் பெரியவளின் தமிழ். எல்லாம் உண்மைதான். யாருக்கும் போதவில்லை. வாங்கி வைத்துக்கொண்டு போயிருக்கலாமே என்றார்கள். எனக்கும் ராத்திரி ஒரு மணிக்கு விழிப்பு வந்தால் அப்படித்தான் தோன்றும். காலையில் தோன்றாது.

மாலையில் கீழ்வீட்டுப் பாட்டி. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, மூன்றாம் மாடிக்கு 62 படி. மாடிப்படியைக் கூட்டும் முறை வாரம் ஒரு வீட்டுக்கு. முதல் மாதம் எங்கள் முறை எனக்குத் தெரியாமல் போனது. கதவைத் தட்டித் துடைப்பத்தைக் கையில் கொடுத்தவர் அவர். நான் பயந்துவிட்டேன். மறுவாரம் சளி பிடித்திருந்தவருக்கு ரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகு குளிர்காலம் வந்தால் அவரே காலி டப்பாவோடு வருவார், 'வீ சூப்' வேண்டும் என்று. வீ என்றால் இங்கே சின்ன. பெரியவளுக்கும் எல்லாமே வீதான், வீ இட்லி, வீ தம்பி.

இன்று ரசப்பொடி ஒரு பாட்டில் கொடுத்தேன், எப்படிச் செய்வது என்று எழுதி. அவர் ஒரு பொட்டலம் கொடுத்தார். பிரித்தால் ரப்பர் வெந்நீர்ப் பை, அவரே பின்னிய கம்பளி உறையோடு. பிள்ளைகளுக்கு ராத்திரியில் குளிருமே என்றார். திருச்சியில் இன்று 38 டிகிரி. "ரொம்ப உதவியாக இருக்கும்" என்றேன்.

வாசலில் நின்று, 'ஹேஸ்ட் யீ பேக்' என்றார். போய்ட்டு வரோம் என்று தமிழிலேயே சொன்னேன். அதற்கு ஆங்கிலம் எனக்குத் தெரியவில்லை. கதவைச் சாத்தவில்லை அவர். நாங்கள் மேலே ஏறி எங்கள் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டபிறகுதான் கீழே கதவு மூடியது.

நாள் 10: விமான நிலையம்

அதிகாலை நாலு மணி. வெளியே ஏற்கெனவே விடிந்திருந்தது.

பெட்டிகளின் எடை சரியாக வரவே இல்லை. கடைசியில் கிரைண்டரின் உருளைக் கற்கள் இரண்டையும் எடுத்துக் கைப்பையில் போட்டேன். இந்தக் கிரைண்டர் கோயம்புத்தூரில் வாங்கியது. அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார் 110 வோல்ட்டுக்கு அலைந்து தேடினார். இங்கே 230, பிளக்கை மாற்றினால் நம்மூர் மோட்டாரே ஓடும். அதற்காகவே விற்க மனசு வரவில்லை. வந்தபோதும் இந்தக் கற்கள் கைப்பையில்தான் வந்தன.

பாதுகாப்புச் சோதனையில் பை தனியாக ஒதுங்கியது. எனக்குத் தெரியும். கையுறை போட்ட அந்த அதிகாரி மேலாக இருந்த பட்டுப் பாவாடையை மெதுவாக எடுத்து வைத்தார், வெந்நீர்ப் பையை எடுத்து வைத்தார், அடியிலிருந்து முதல் கல்லை இரண்டு கையாலும் தூக்கினார். பெரியவர், அறுபதை நெருங்கியவர். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவள் அந்த ஊர் உச்சரிப்பிலேயே முந்திக்கொண்டாள், அது தோசைக்கு, அம்மாவுக்கு அது இல்லாமல் முடியாது என்று.

அவர் தலையாட்டினார். இரண்டு கற்களையும் ஒரு தட்டில் வைத்து, உருளைகள் மேல் தள்ளி, இயந்திரத்தின் அந்தப் பக்கத்துக்கே மறுபடி கொண்டுபோனார். ஒரு கல் தட்டுக்குள் உருண்டு விளிம்பில் மோதி 'டொக்' என்றது. வரிசையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தட்டு முதலிலிருந்து உள்ளே போனது.

பெரியவள் என் புடவையை இழுத்தாள்.

"அம்மா, இவருக்கும் ரெண்டு தடவை சம்பளமா?"